ரூடி ஃபோலரை ஜெர்மனி ஏன் விடமாட்டேன் என்கிறது?

ஜெர்மனியின் முன்னாள் கால்பந்து வீரர் ரூடி ஃபோலர் ஜெர்மன் லீக் பட்டத்தை ஒருமுறைகூட வென்றதில்லை. ஜெர்மன் கோப்பையும் கிடையாது. தேசிய அணியோடு ஐரோப்பியச் சாம்பியன் பட்டமும் கிடையாது. கோச்சாக எந்தக் கோப்பையையும் தூக்கவில்லை. லெவர்குசென் கிளப்பில் இரண்டு தவணையாக ஏறக்குறைய இருபது ஆண்டு நிர்வாகத்தில் இருந்தார், அந்தக் காலத்திலும் கிளப்புக்கு ஒரு பட்டமும் வரவில்லை. அவர் போன பிறகு, 2024-இல், ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் லெவர்குசென் லீக்கை வென்றது.

ஆனால் இன்றும் ஜெர்மன் தேசிய அணி ஆடும் மைதானத்தில் எழும்பும் பாட்டு அவரைப் பற்றியதுதான். 'ரூடி ஃபோலர் ஒருத்தர்தான் இருக்கார்' என்று, குவாண்டனமேரா மெட்டில், பல்லாயிரம் பேர் பாடுவார்கள். அவர் கடைசியாகக் காலணி கட்டி ஆடியது 1996-இல். பாடுகிறவர்களில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கக்கூட மாட்டார்கள்.

சும்மா வந்த புகழ் என்று சொல்லவில்லை. தேசிய அணிக்காக 90 ஆட்டத்தில் 47 கோல் என்பது எந்தக் காலத்திலும் பெரிய கணக்கு. 1990-இல் உலகக் கோப்பை, 1993-இல் மார்செய் அணியோடு சாம்பியன்ஸ் லீக். 2002-இல் கோச்சாக அணியை உலகக் கோப்பை இறுதிவரை கொண்டுபோனார். 2022 வரை பார்த்தால், வீரராகவும் கோச்சாகவும் உலகக் கோப்பை இறுதியில் நின்றவர்கள் நான்கே பேர்: பிரேசிலின் ஸகாலோ, ஜெர்மனியின் பெக்கன்பவர், பிரான்ஸின் டெஷாம்ப், அப்புறம் ஃபோலர். நால்வரில் கோச்சாக வெல்லாதவர் இவர் மட்டும்தான்.

ஆனால் சாதனைக் கணக்கை வைத்துப் பார்த்தால் இந்த இடம் லோத்தர் மத்தேயுஸுக்கு அல்லவா போயிருக்க வேண்டும்? 150 சர்வதேச ஆட்டங்கள், 1990 அணியின் கேப்டன், அதே ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரர். அவருக்கு ஜெர்மனியில் மரியாதை உண்டு, கூடவே ஒரு நமுட்டுச் சிரிப்பும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு எந்த ஜெர்மன் கிளப்பும் அவரைக் கோச்சாக எடுக்கவில்லை. பெக்கன்பவரைக் 'கைசர்', அதாவது பேரரசர், என்று கூப்பிட்டார்கள். பேரரசரை யாரும் தோளில் கைபோட்டுப் பேச மாட்டார்கள். 2006 உலகக் கோப்பையை நடத்தும் உரிமையை ஜெர்மனி பெற்ற விதம் பற்றிய விசாரணை வந்தபோது அந்தப் பக்தியும் கொஞ்சம் குறைந்தது. 1990 அணியின் இன்னொரு ஸ்ட்ரைக்கர் கிளின்ஸ்மன் கலிஃபோர்னியாவில் குடியேறிவிட்டார். ஃபோலருக்குக் கிடைப்பது இவற்றில் எதுவும் இல்லாத வேறொன்று. வாஞ்சை என்று சொல்லலாம். தன்னோடு சேர்ந்து அடிபட்டவனிடம் வருகிற வாஞ்சை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஃபோலர் பிறந்தது 1960-இல், ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்தில் ஹனாவ் என்ற ஊரில். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் ஊர் என்றுதான் அதற்குப் பெயர். ஆஃபன்பாக், 1860 மியூனிக், 1982-லிருந்து பிரேமன் என்று போனது அவருடைய பாதை. இந்தப் பட்டியலில் இல்லாத பெயரைக் கவனியுங்கள்: பயர்ன் மியூனிக். அங்கே ஆடாமலேயே இவ்வளவு பெரிய ஆளானது ஜெர்மனியில் அபூர்வம். பயர்னுக்கு எத்தனை ரசிகர்களோ அதே அளவுக்கு வெறுப்பவர்களும் உண்டு. மியூனிக்கில் ஆடிய காலத்திலும் இவர் ஆடியது அதே ஊரின் இன்னொரு கிளப்பில், முதல் ஆண்டு முதல் பிரிவில், அடுத்த ஆண்டு இரண்டாம் பிரிவில். 1981-82 சீசனில் அங்கே 37 கோல் அடித்தார். அடுத்த ஆண்டு பிரேமனுக்காக 23 கோல், லீகில் அதிக கோல் அடித்தவர், நாட்டின் சிறந்த வீரர் என்ற விருது.

1985 நவம்பரில் மியூனிக்கில் நடந்த ஆட்டத்தில் பயர்னின் ஆவ்கென்டாலர் வெட்டிச் சாய்த்ததில் ஃபோலர் பல மாதம் ஆட முடியாமல் போனார். அவர் திரும்பி வந்தது 1986 ஏப்ரலில், மறுபடி பயர்னுக்கு எதிராக, பிரேமன் வென்றால் பட்டம் என்ற ஆட்டத்தில். மாற்று வீரராக இறங்கினார். 88-ஆவது நிமிடத்தில் அவர் அடித்த பந்தில் பிரேமனுக்குப் பெனால்டி கிடைத்தது. குட்சோப் உதைத்தார், பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. நான்கு நாள் கழித்து பிரேமன் ஸ்டுட்கார்ட்டில் தோற்றது, பயர்ன் கோல் வித்தியாசத்தில் பட்டத்தைக் கொண்டுபோனது. பயர்னைப் பிடிக்காத ஜெர்மனி முழுக்க அந்த ஒரு சீசனில் ஃபோலர் பக்கம் சாய்ந்துவிட்டது என்பது என் கணிப்பு. மெக்ஸிகோவில் அதே ஆண்டு இறுதி ஆட்டத்தில், அர்ஜென்டினாவுக்கு எதிராக 2-0 பின்தங்கியிருந்த அணியை 2-2 என்று சமன்செய்த கோலும் அவருடையதுதான். மாரடோனா ஒரு பாஸ் கொடுத்தார், எல்லாம் முடிந்தது.

தமிழில் கால்பந்து பார்ப்பவர்கள் பலருக்கு ஃபோலர் என்றால் ஞாபகம் வருவது எச்சில்தான். 1990 ஜூன் 24, மிலான், நெதர்லாந்துக்கு எதிரான ஆட்டம். ஃபிராங்க் ரைக்கார்ட் ஃபோலரைக் கீழே தள்ளி மஞ்சள் அட்டை வாங்கினார். ஃப்ரீ கிக்குக்காகத் தன் இடத்துக்குப் போகிற போக்கில் ஃபோலரின் சுருட்டை முடியில் துப்பிவிட்டுப் போனார். ஃபோலர் நடுவரிடம் போய்த் தலையைக் காட்டி முறையிட்டார். நடுவர் அவருக்கும் மஞ்சள் அட்டை காட்டினார். அடுத்து வந்த ஃப்ரீ கிக்கில் பந்தைத் துரத்திய ஃபோலர், முன்னே பாய்ந்து வந்த கோல்கீப்பர்மேல் மோதாமல் தாண்டி விழுந்தார். நடித்து விழுந்தார் என்று டச்சுக்காரர்கள் கொதித்தார்கள், ரைக்கார்ட் வந்து காதைப் பிடித்து இழுத்தார். நடுவர் இருவருக்குமே சிவப்பு அட்டை காட்டினார். வெளியே போகும் வழியில் ரைக்கார்ட் மறுபடியும் துப்பினார். ஆட்டம் தொடங்கி இருபத்திரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது.

அந்தக் காட்சியை மறுபடி பார்த்தால் ஃபோலர் முகத்தில் தெரிவது ஆத்திரத்தைவிடக் குழப்பம்தான். கை ஓங்கவில்லை, திருப்பித் துப்பவில்லை. தப்பே செய்யாமல் பள்ளியில் முட்டி போட வைக்கப்பட்ட பையனைப் போல நடந்து வெளியே போகிறார். உலகமே பார்த்த அவமானம் அது. ஜெர்மானியர்கள் அதைத் தங்களுக்கு நேர்ந்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். ரைக்கார்ட் பின்னாளில் மன்னிப்புக் கேட்டார். இருவரும் குளியல் அங்கி போட்டுக்கொண்டு ஒரு வெண்ணெய் விளம்பரத்தில் சேர்ந்து நடித்ததும் உண்டு. ஃபோலரின் குணத்துக்கு ஒரு சாட்சி வேண்டுமென்றால் அந்த விளம்பரம் போதும்.

அந்தத் தொடரில் காலிறுதியில் ஆட அவருக்குத் தடை. அரையிறுதியில் காயப்பட்டுப் பாதியில் வெளியே. இறுதி ஆட்டம் ரோமின் ஒலிம்பிக் மைதானத்தில். 1987-லிருந்து அவர் ஆடிவந்த ரோமா கிளப்பின் சொந்த மைதானம் அது. 'பற, ஜெர்மன்காரா, பற' என்று ரோமா ரசிகர்கள் அவருக்காகப் பாடிய இடம். 85-ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் சென்சினி அவரைச் சாய்த்ததாகப் பெனால்டி. அது பெனால்டிதானா என்று அர்ஜென்டினாவில் இன்றும் சண்டை போடுவார்கள். ஆந்த்ரெயாஸ் பிரேமே உதைத்து 1-0, கோப்பை ஜெர்மனிக்கு.

அந்தப் பிரேமேயோடு ஒரு காட்சி இன்னும் இருக்கிறது. என் கணக்கில் ஃபோலரின் புகழுக்கு உலகக் கோப்பையைவிட அதுதான் பெரிய காரணம்.

1996 மே 18. லீகின் கடைசி நாள், ஃபோலரின் கடைசி ஆட்டம். லெவர்குசெனில் எதிரணி கைசர்ஸ்லாவ்டர்ன், அதில் பிரேமே. தோற்கும் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும், லெவர்குசெனுக்கு டிராவே போதும். கைசர்ஸ்லாவ்டர்ன் முன்னிலையில் இருந்தது. 82-ஆவது நிமிடத்தில் லெவர்குசென் சமன் செய்தது, 1-1. அந்தக் கோலுக்கு முன்னால் பந்து வெளியே அடிக்கப்பட்டிருந்தது, மரியாதைக்குத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், லெவர்குசென் கொடுக்கவில்லை என்று இன்னொரு வழக்கும் உண்டு. எப்படியோ, லீக் தொடங்கிய 1963-லிருந்து ஒருமுறையும் இறங்காத கைசர்ஸ்லாவ்டர்ன் அன்று இறங்கியது. ஆட்டம் முடிந்து தொலைக்காட்சி கேமரா முன் இருவரும் சேர்ந்து நின்றார்கள். பிரேமே பேச ஆரம்பித்தார், முடியவில்லை. ஃபோலரின் தோளில் முகத்தைப் புதைத்துத் தேம்பி அழுதார். ஃபோலர் தன் விடைபெறும் நாளில், தப்பித்த அணியின் ஆளாக நின்றுகொண்டு, தோற்றவனை அணைத்தபடி இருந்தார். ஜெர்மன் கால்பந்தில் இன்றும் திரும்பத் திரும்பப் போடப்படும் படங்களில் ஒன்று அது. பிரேமே 2024 பிப்ரவரியில் இறந்தபோதும் எல்லாரும் அதைத்தான் போட்டார்கள்.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், ஃபோலர் நாட்டுக்கு மிகவும் நெருக்கமாக ஆனது ஜெயித்த இடங்களில் அல்ல. காயப்பட்டு விழுந்ததும், கம்பத்தில் பட்ட பெனால்டியும், எச்சிலும், அழுகையும்தான் அவரை நெருங்க வைத்தன.

ஆனால் வீரராக இருந்து வாங்கிய வாஞ்சை அப்படியே நீடித்துவிடாது. கோச் வேலை எத்தனையோ நல்ல பெயர்களைத் தின்றிருக்கிறது. 2000 ஐரோப்பியப் போட்டியில் ஜெர்மனி ஒரே ஒரு கோல் அடித்து, ஒரே ஒரு புள்ளியோடு பிரிவில் கடைசியாக வந்தது. போர்ச்சுகலின் இரண்டாம் வரிசை அணியிடம் 0-3 தோல்வி. கோச் ரிபெக் போனார். அடுத்தவராகக் கிறிஸ்டோஃப் டவும் 2001-இல் வருவதாக ஏற்பாடு. அதுவரை ஒரு வருடம் சமாளிக்க ஃபோலரை உட்கார வைத்தார்கள். பயிற்சியாளர் உரிமம்கூட அவரிடம் இல்லை, அதனால் 'டீம் தலைவர்' என்று ஒரு பதவிப் பெயர் கொடுத்து, உரிமம் உள்ள ஸ்கிபேயைப் பக்கத்தில் வைத்தார்கள். அந்த அக்டோபரில் டவுமின் முடியைச் சோதித்ததில் கொக்கெய்ன் தெரியவந்தது. இடைக்கால ஆள் நிரந்தர ஆள் ஆனார். கொஞ்ச நாள் டவும் விட்டுப்போன லெவர்குசெனையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்!

2001 செப்டம்பரில் மியூனிக்கில் இங்கிலாந்திடம் 1-5. மைதானத்தில் இருந்த அவருடைய அப்பாவுக்கு அன்றே மாரடைப்பு வந்தது. அதற்கு அடுத்த கோடையில் அதே அணி, பெரிய திறமைசாலிகள் இல்லாத அணி, கோல்கீப்பர் கானின் கைகளையும் பாலாக்கின் தலையையும் நம்பி யோகோஹாமாவில் நடந்த உலகக் கோப்பை இறுதிவரை போனது.

இனி ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக். ஃபோலரின் புகழைப் புரிந்துகொள்ள அந்த ராத்திரியைத் தாண்டிப் போக முடியாது.

2003 செப்டம்பர் 6. மூன்று லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துடன் 0-0. ஆட்டம் படுமோசம். ஏஆர்டி தொலைக்காட்சியில் தொகுப்பாளர் டெல்லிங்கும், எழுபதுகளின் மேதை கியுன்டர் நெட்சரும் உட்கார்ந்து, அணி புதிய அடிமட்டத்தைத் தொட்டுவிட்டது என்று அலசினார்கள். அதைக் கேட்டுவிட்டு ஃபோலர் அடுத்த பேட்டிக்கு வந்தார். எதிரில் வால்டெமார் ஹார்ட்மன். மீசையும் சாந்த முகமுமாகத்தான் ஃபோலர் உட்கார்ந்தார். கேள்வி கேட்டதும் வெடித்தது. அடிமட்டம், அதற்கும் கீழே ஒரு அடிமட்டம், அப்புறம் அதற்கும் கீழே ஒன்று, இந்தக் கண்றாவியை இனிமேல் காதுகொடுத்துக் கேட்க முடியாது என்றார், ஆனால் 'கண்றாவி' என்பதற்கு அவர் சொன்ன சொல் இதைவிட நாறும். டெல்லிங் விளையாட்டை விட்டுவிட்டு சனிக்கிழமை ராத்திரி கேளிக்கை நிகழ்ச்சி நடத்தப் போகட்டும் என்றார். நெட்சர் காலத்தில் நின்ற இடத்திலேயே நின்று பந்தாடினார்கள், அதைப் போய் யார் பார்ப்பது என்றார். கடைசியில் எதிரே இருந்த ஹார்ட்மனிடம், நீ மூன்று கோதுமை பீர் குடித்துவிட்டுச் சொகுசாக உட்கார்ந்திருக்கிறாய் என்றார். ஹார்ட்மன் பதறவில்லை. அந்த வாக்கியத்தால் அவருக்கும் நல்லதே நடந்தது: பின்னர் ஒரு பீர் கம்பெனியின் விளம்பரத்தில் வந்தார்.

வேறு யாராக இருந்தாலும் மறுநாள் மன்னிப்பு அறிக்கை, அதற்கடுத்த நாள் ராஜினாமா. ஃபோலருக்கு நாடே கைதட்டியது. அவர் சொன்னது சரி என்பதாலா? இல்லை. அவர் சொன்னது தப்பு. ஆட்டம் உண்மையிலேயே மோசம், டெல்லிங்கும் நெட்சரும் பார்த்ததைத்தான் சொன்னார்கள். பத்தே மாதத்தில் அது நிரூபணமானது: 2004 ஐரோப்பியப் போட்டியில் லாட்வியாவிடம் 0-0, செக் நாட்டின் மாற்று வீரர்களிடம் 1-2, முதல் சுற்றிலேயே வெளியே. ஆனால் அந்தப் பேட்டியில் மக்கள் பார்த்தது விளையாட்டு ஆய்வை அல்ல. தன் கீழ் வேலை பார்ப்பவர்களை வெளியாட்கள் ஏசும்போது பொறுக்க முடியாமல் எகிறுகிற ஒரு மேஸ்திரியைப் பார்த்தார்கள். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்காத பேட்டி அது. ஏற்கெனவே அன்பு சேர்ந்திருந்த ஆளிடமிருந்து வந்ததால்தான் அது நேர்மையாகப் பட்டது. வேறொருவர் கத்தியிருந்தால் திமிர் என்றிருப்பார்கள்.

2004 தோல்விக்கு மறுநாள் காலையே விலகினார். ஒப்பந்தம் 2006 உலகக் கோப்பை வரை இருந்தது, அதுவும் சொந்த மண்ணில் நடக்கப்போகிற கோப்பை. அடுத்து வருபவருக்குச் சுமை இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு எப்போது எழுந்து போவது என்று தெரியும், இது பெரிய ஆட்டக்காரர்கள் பலருக்கு வாய்க்காத ஒன்று. அதே ஆண்டு ரோமாவில் கோச்சாகச் சேர்ந்து ஒரு மாதம்கூட முடியாமல் கிளம்பியதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ரோம் ரசிகர்களும் அவரைத் திட்டவில்லை.

அப்புறம் 2023. ஜெர்மனி 2018-லும் 2022-லும் உலகக் கோப்பை முதல் சுற்றிலேயே வெளியேறியிருந்தது. தேசிய அணிக்கு மக்கள் முகம் திருப்பியிருந்த காலம்: விளம்பர வாசகங்களும், மழுங்கலான பேட்டிகளும், மார்க்கெட்டிங் நெடியும் சேர்ந்து சலிப்பாக்கியிருந்தன. தேசிய அணியின் இயக்குநர் பீர்ஹோஃப் போன இடத்துக்கு ஆள் தேட ஜெர்மன் கால்பந்துச் சங்கம் ஒரு குழு போட்டது. ரும்மனிகே, கான், ஸாமர், ஃபோலர் என்று பெரும்பாலும் பழைய முகங்கள். அந்தக் குழு கடைசியில் தனக்குள்ளிருந்தே ஒருவரை, ஃபோலரை, தேர்ந்தெடுத்தது. கேலி வந்தது. நியாயமான கேலிதான். 62 வயது ஆளை வைத்தா எதிர்காலத்தைத் திட்டமிடுவது என்று கேட்டார்கள். அவரைக் கொண்டுவந்ததன் நோக்கம் திட்டமிடல் அல்ல, பாசத்தைத் திரும்ப வரவழைப்பதுதான் என்று யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

செப்டம்பர் 9-ஆம் தேதி ஜப்பானிடம் 1-4 தோற்றதும் ஹன்ஸி ஃபிளிக் நீக்கப்பட்டார். ஜெர்மன் தேசிய அணியின் கோச் ஒருவரை வேலையிலிருந்து தூக்கியது அதுவே முதல்முறை. மூன்று நாளில் டோர்ட்முண்டில் பிரான்ஸுடன் ஆட்டம். ஃபோலர், ஹன்னஸ் வோல்ஃப், ஸாண்ட்ரோ வாக்னர் மூவரும் பொறுப்பேற்றார்கள். நான்காவது நிமிடத்தில் தாமஸ் முல்லர் கோல் அடித்தார், ஜெர்மனி 2-1 என்று வென்றது. மைதானம் முழுக்க அந்தப் பாட்டு. நீங்களே தொடருங்கள் என்று கேட்டார்கள். மறுத்துவிட்டார். ஒரே ஆட்டத்தோடு நாற்காலியை நாகெல்ஸ்மனுக்கு விட்டுவிட்டுத் தன் இயக்குநர் வேலைக்குத் திரும்பினார்.

இதில் ஒரு அபாயமும் இருக்கிறது. நெருக்கடி வந்தால் ரூடியைக் கூப்பிடு என்பது 2000-லும் பலித்தது, 2023-லும் பலித்தது. பலித்ததாலேயே, இளைஞர் பயிற்சி ஏன் ஒரு அசல் ஸ்ட்ரைக்கரைக்கூடத் தரவில்லை என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப்போட முடிந்தது. ஃபோலர் போன்ற ஒரு ஆள் கோல் பகுதிக்குள் நுழைந்து முட்டி மோதி அடிக்கும் கோல்களுக்காக ஜெர்மனி பல ஆண்டு ஏங்கியது, அவரை அலுவலகத்தில் வைத்துக்கொண்டே.

இப்படிப்பட்ட பாசத்தை ஃபோலருக்கு முன்னால் பெற்றவர் உவே ஸேலர். 2022-இல் இறந்தார். ஹாம்பர்க்கை விட்டு நகராதவர், 1961-இல் இன்டர் மிலான் கொட்டிக் கொடுக்க வந்த பணத்தை மறுத்தவர், 1966 இறுதியில் கேப்டனாகத் தோற்றவர். அவர் உலகக் கோப்பை வென்றதே இல்லை. ஃபோலருக்கு அடுத்து யார் என்று கேட்டால், 2014-இல் கோப்பை வென்ற தலைமுறையில் நான் கைகாட்டுவது லுகாஸ் போடோல்ஸ்கியைத்தான். லாம், ஷ்வைன்ஸ்டைகர், குரோஸ் எல்லாம் அவரைவிடப் பெரிய ஆட்டக்காரர்கள். ஆனால் போடோல்ஸ்கி கோலோன் அணியோடு இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது மட்டுமே மூன்று முறை, 2004, 2006, 2012. ஒவ்வொரு முறையும் அந்த ஊர் அவரை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது.